இன்ஜின் நின்றால் படகு நிற்காது

நடு ரோட்டில் பைக் இன்ஜின் நின்றால் வண்டி நிற்கும். ஓரமா தள்ளிட்டுப் போய், ஒரு டீ குடிச்சிட்டு, மெக்கானிக்குக்கு போன் பண்ணலாம். கடலில் இது தலைகீழ். இன்ஜின் நின்ற அந்த நிமிஷத்திலிருந்துதான் படகு தன் இஷ்டத்துக்குக் கிளம்புகிறது. காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். படகில் இருப்பவர் இன்ஜின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, கரை மெதுவாக விலகிக்கொண்டிருக்கும். அல்லது, இது இன்னும் மோசம், கரை நெருங்கிக்கொண்டிருக்கும்.

திண்டிவனத்துக்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்குன்னு கேக்கலாம். மரக்காணம் எங்க ஊரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்குச் சொல்லப்படும் வழியில் எயிற்பட்டினம் வருகிறது, அப்புறம் வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. பாணன் கடலிலிருந்து ஊருக்கு வந்தான், நான் ஊரிலிருந்து கடலுக்குப் போனேன். அந்தப் பழைய வழியைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் போக ஆரம்பித்தது. எக்கியார்குப்பம், கூனிமேடு, அனுமந்தைக்குப்பம் என்று சுற்றும்போது கண்ணில் பட்டதெல்லாம் மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளும் அவற்றின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டுகளும்தான். பாணன் பின்னுக்குப் போய்விட்டான், டீசல் இன்ஜின் முன்னுக்கு வந்துவிட்டது.

எனக்குச் சோறு போடுவது மென்பொருள். நள்ளிரவில் ஒரு சர்வர் விழுந்தால் எழுப்பப்படும் ஆட்களில் நானும் ஒருத்தன். அதனால் "ஒரு பொருள் எப்படி பழுதாகிறது, பழுதான முதல் பத்து நிமிஷத்தில் என்ன செய்யணும்" என்பது எனக்குத் தொழில் சார்ந்த கேள்வியும் கூட. மீனவர்களிடம் கேட்டதையும், படித்ததையும், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கோவாவில் வாடகைப் படகு எடுக்கிறவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நம்ம கரையின் தன்மையைச் சொல்லிவிடணும். விழுப்புரம் மாவட்டக் கடற்கரை நாற்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், நடுவில் காலாப்பட்டு என்று புதுச்சேரி ஒரு துண்டு குறுக்கே வரும். நேரான மணல் கரை. இயற்கையாக ஒதுங்க ஒரு குடா இல்லை, மலை முனை இல்லை. பெரும்பாலான குப்பங்களில் படகைத் தள்ளி இறக்கி, அலை உடையும் வரிசைகளைத் தாண்டித்தான் வெளியே போகணும். திரும்பி வரும்போதும் அதே வரிசைகளைத் தாண்டித்தான் மணலில் ஏறணும். துறைமுகத்தில் கட்டியிருக்கும் விசைப்படகுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அந்தப் பின்னால் நீளும் தண்டு வந்த காரணமே இதுதான். சாதாரணப் படகு மாதிரி அடிப்பாகத்தில் நிலையாக ஒரு புரொப்பல்லரை வைத்தால், மணலில் ஏறும்போது முதல் நாளே உடைந்துவிடும். 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் இதைத்தான் பல வருஷம் போட்டு உடைத்தார்கள். கட்டுமரத்துக்கு மாற்றாக, அலையைத் தாண்டி மணலில் ஏறக்கூடிய, டீசல் இன்ஜின் வைத்த படகு வேணும். அவர்கள் செய்து பார்த்த தீர்வுகளில் ஒன்று, இன்ஜினையும் தண்டையும் ஒரே துண்டாக வைத்து, தேவைப்படும்போது புரொப்பல்லரை மேலே தூக்கிவிடுவது. இன்றைக்கு நம்ம குப்பங்களில் ஓடும் லாங்டெயிலும் அதே தேவைக்கான பதில்தான், இன்னும் எளிமையாக. எட்டு, பத்து குதிரைத்திறன் உள்ள ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், ஒரு நீளத் தண்டு, முனையில் புரொப்பல்லர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தபோது இந்த அமைப்பும் கரை முழுக்கப் பரவியது.

இந்த இன்ஜின்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. மின்சாரம் ஒழுங்கா வராத காலத்தில் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வயக்காட்டுக் கிணற்றில் தண்ணி இறைத்த டீசல் பம்புசெட்டும் இதுவும் ஒரே குடும்பம். கையால் சுத்தி ஸ்டார்ட் பண்ணுவது, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடிப்பது, நாலு சுத்து சுத்திவிட்டு லிவரை விடுவது எல்லாம் அப்படியே. பேட்டரி கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. ஆகவே பழுதாகக்கூடிய இடங்களும் குறைவு. எரிபொருள் வரணும், காற்று வரணும், அழுத்தம் இருக்கணும், சூடு வெளியேறணும். இந்த நாலில் ஒன்று இல்லாமல் போனால்தான் நிற்கும். கிணற்று மேட்டில் நின்றால் பிரச்சினை இல்லை. கடலில் நின்றால்?

கணக்குக்கு வருவோம். இன்ஜின் இல்லாத சின்னப் படகை, தண்ணீருக்கு மேலே இருக்கும் அதன் உடம்பின் மேல் மோதும் காற்று தள்ளும். காற்றின் வேகத்தில் மூணிலிருந்து அஞ்சு சதவீதம் என்பது பொதுவாகக் கையாளும் மதிப்பு. மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் நாலு சதவீதம் என்று வைத்தால் மணிக்கு ஒரு கிலோமீட்டர். இதோடு மீனவர்கள் வெள்ளம் என்று சொல்லும் நீரோட்டத்தைச் சேர்க்கணும். ஒரு நாட் வேகம் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். பார்க்க ஒண்ணும் இல்லாத வேகம், ஆனால் ஒரு ராத்திரி, பன்னிரண்டு மணி நேரம், 22 கிலோமீட்டர். மரக்காணத்துக்கு நேரே நின்ற படகு விடியும்போது காலாப்பட்டைத் தாண்டியிருக்கும்.

எந்தப் பக்கம் என்பது மாசத்தைப் பொறுத்தது. நம்ம கிழக்குக் கரையோர நீரோட்டம் வருஷத்தில் திசை மாறும். கோடையை ஒட்டிய மாதங்களில் வடக்கே போகும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே இழுக்கும். வடகிழக்குப் பருவத்தில் காற்றும் வடகிழக்கிலிருந்து அடிப்பதால் படகைக் கரைப் பக்கம் தள்ளும். கரைக்குப் போனா நல்லதுதானேன்னு தோணும். மூணு கிலோமீட்டர் வெளியே இன்ஜின் நின்று, மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் கரையை நோக்கித் தள்ளப்பட்டால், இரண்டு மணி நேரத்தில் அலை உடையும் இடத்தில், குறுக்கு வாட்டில், எந்தச் சக்தியும் இல்லாமல் போய் நிற்போம். இன்ஜின் இல்லாத படகு தானாகவே அலைக்குப் பக்கவாட்டைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். அந்த நிலையில் உடையும் அலை ஒன்று போதும், கவிழ்ந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் நிலைமை வேறு. காலையில் நிலத்திலிருந்து வீசும் மேல்காற்று வெளியே தள்ளும், மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் கொஞ்சம் திரும்பக் கொண்டுவரும். வராத நாளும் உண்டு.

வெளியே தள்ளப்பட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. 2020 ஜூலையில் சென்னை காசிமேட்டிலிருந்து போன ஒரு படகு இன்ஜின் கோளாறால் நடுக்கடலில் நின்றது. அதில் இருந்தவர்கள் ஐம்பது நாட்களுக்கு மேல் மிதந்து, கடைசியில் மியான்மர் பக்கம் மீட்கப்பட்டார்கள். நேர்கோட்டில் ஏறக்குறைய 1500 கிலோமீட்டர். ஐம்பது நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், மணிக்கு ஒண்ணேகால். மனுஷன் நடக்கிற வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த வேகம்தான் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடக்க வைத்தது. பொங்கி எழுந்த புயல் எதுவும் தேவைப்படவில்லை.

இதனால்தான் இன்ஜின் நின்றதும் கை போக வேண்டிய முதல் இடம் இன்ஜின் இல்லை, நங்கூரம். நான் பேசிய மீனவர்களில் வயதானவர்கள் இதை ஒரு விஷயமாகவே சொல்லவில்லை. "நங்கூரத்தைப் போட்டுட்டு அப்புறம் பாக்க வேண்டியதுதான் தம்பி" என்று போகிற போக்கில் சொன்னார் ஒருத்தர். பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுகிறவர்களுக்காக எழுதப்பட்ட வெளிநாட்டுக் கையேடுகளும் இதையேதான் சொல்கின்றன. எங்க தொழிலில், ஒரு சர்வர் தப்பான கணக்கை எழுதிக்கொண்டே இருந்தால், ஏன் என்று ஆராய்வதற்கு முன்னால் எழுதுவதை நிறுத்துவோம். காரணம் அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது. சேதம்தான் கூடிக்கொண்டே போகும்.

நங்கூரத்தில் பலர் கவனிக்காதது கயிற்றின் நீளம். நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை, தரையைக் கொத்திப் பிடிக்கிறது. கயிறு மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், படுக்கை வாட்டில் இழுத்தால் இன்னும் ஆழமாகப் புதையும். ஆழத்தைப் போல மூணு மடங்கு கயிறு விட்டால், கயிறு தரையோடு ஏறக்குறைய 19 டிகிரி கோணத்தில் இழுக்கும். அஞ்சு மடங்கு விட்டால் பதினொன்றரை டிகிரி, ஏழு மடங்கு விட்டால் எட்டு. இருபது மீட்டர் ஆழத்துக்கு நூறு மீட்டர் கயிறு வேணும் என்பது இந்தக் கணக்கில்தான். நங்கூரத்துக்குப் பக்கத்தில் ரெண்டு மூணு மீட்டர் இரும்புச் சங்கிலி சேர்த்தால் அதன் பாரமே கயிற்றைத் தரையோடு படுக்க வைக்கும். கயிற்றைக் கட்டுவது எப்போதும் முன் மூக்கில். பின்னால் இன்ஜின் பக்கம் கட்டினால், படகின் தாழ்வான பின்பகுதி அலைக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு அலையும் இன்ஜினைக் குளிப்பாட்டும்.

கயிறு எட்டாத ஆழத்தில் இருந்தால்? அப்போது தரையைப் பிடிக்க முடியாது, தண்ணீரையே பிடிக்கணும். ஒரு பெரிய வாளியையோ, வாய் திறந்த சாக்கையோ கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து விட்டால் அது இழுவையாக நின்று, படகின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்துக் கொடுக்கும். காற்றால் தள்ளப்படும் வேகமும் குறையும். வலை போட்டிருக்கிற நேரத்தில் இன்ஜின் நின்றால் வலையே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் செவுள்வலையில் கட்டிய படகு அவ்வளவு சீக்கிரம் ஓடாது. பதறிப்போய் வலையை அறுத்துவிடாமல் இருப்பது நல்லது. புரொப்பல்லரில் சிக்கியிருந்தால் கதை வேறு.

இப்போது நேரம் கிடைத்துவிட்டது, இன்ஜினைப் பார்க்கலாம். நின்ற விதத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதுதான் பாதி வேலை. டக்கென்று, யாரோ கையால் பிடித்து நிறுத்திய மாதிரி நின்றதா? அப்படியானால் புரொப்பல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ இறுகியிருக்கிறது. இரும்பியது போல விட்டு விட்டு ஓடி, வேகம் ஏறி இறங்கி, அப்புறம் நின்றதா? எரிபொருள். வாசனையோடு, சத்தம் மாறி, மெல்லத் திணறி நின்றதா? சூடு. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, படகு மட்டும் போகவில்லை என்றால் தண்டுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் இருக்கும் பின் முறிந்திருக்கும். அந்தப் பின் வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படுவது, வீட்டு ஃபியூஸ் மாதிரி. புரொப்பல்லர் எதிலாவது மோதினால் தண்டு வளைவதற்கு முன் அது முறிந்து கொடுக்கும். விலை சொற்பம். ஆனால் அந்த இடத்தில் கெட்டியான ஆணியைப் போட்டால் அடுத்த மோதலில் போவது தண்டு.

புகையும் பேசும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது பாரம் அதிகம். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஊரில் டிராக்டர் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

நான் கேட்டவரை, சின்ன டீசல் படகுகள் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எரிபொருள் வழிதான். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. டேங்கின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரும் கசடும் தேங்கியிருக்கும். ராத்திரி குளிரில் காலி டேங்கின் உள்சுவரில் ஈரம் படிந்து இறங்கும், கேனிலிருந்து ஊற்றும்போது மணலும் உப்புத் தண்ணியும் சேரும். டீசலை விடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் அது அடியிலேயே கிடக்கும், இன்ஜின் மேலே இருக்கும் நல்ல டீசலைக் குடித்துக்கொண்டு மாசக்கணக்கில் ஓடும். கடல் கொந்தளிக்கும் நாளில்தான் டேங்க் குலுங்கி, அடியில் இருந்ததெல்லாம் மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். டீசல் கால்வாசிதான் இருக்கிறது என்றால், படகு சாயும்போது உறிஞ்சும் குழாய் ஒரு கணம் காற்றை இழுத்துவிடும். அதாவது இன்ஜின் ஏதோ ஒரு நாள் எதேச்சையாக நிற்பதில்லை. நிற்கவே கூடாத நாளாகப் பார்த்து நிற்கிறது. குலுக்கல் உச்சத்தில் இருக்கும் இடம் எது? அலை உடையும் வரிசை. அங்கேதான் நிற்கும். "கடல் சரியில்லாதப்பதான் இதுவும் மக்கர் பண்ணும்" என்று மீனவர்கள் சலித்துக்கொள்வதைச் சகுனம் பார்க்கிற பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது, பின்னால் தெளிவான இயந்திரக் காரணம் இருக்கிறது.

காற்று புகுந்த டீசல் இன்ஜின் ஏன் ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் பம்பு, நாஸிலைத் திறப்பதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு அழுத்தம் கொடுக்கணும். திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது, அழுத்தம் அப்படியே மறுமுனைக்குப் போகும். குழாயில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தால் பம்பு அந்தக் குமிழைத்தான் அமுக்கி அமுக்கி விடும். ஸ்பிரிங்கை அமுக்குவது மாதிரி. நாஸில் திறக்கவே திறக்காது. எத்தனை தடவை கைப்பிடியைச் சுத்தினாலும் தோள்பட்டைதான் வலிக்கும்.

ஆகவே காற்றை வெளியேற்றணும். டேங்க்கிலிருந்து இன்ஜினை நோக்கி, வரிசையாக. முதலில் டேங்க் வால்வு திறந்திருக்கிறதா, டீசல் இருக்கிறதா என்று பார்க்கணும் (சிரிக்காதீங்க, இது நிறைய நடக்கும்). ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டர் தலையில் இருக்கும் காற்று ஸ்குரூவை இரண்டு சுத்து தளர்த்தணும். நுரை நுரையாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வழிந்ததும் இறுக்கணும். அடுத்து பம்பில் இருக்கும் ஸ்குரூ, அதே மாதிரி. கடைசியாக நாஸிலுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயின் நட்டை அரைச் சுத்து தளர்த்தி, கைப்பிடியைச் சுத்தணும். அங்கே டீசல் துள்ளித் துள்ளி வந்தால் நட்டை இறுக்கி ஸ்டார்ட் பண்ணலாம். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலே போய்விடலாம். பழகிய கைக்குப் பத்து நிமிஷ வேலை, பழகாத கைக்கு அரை மணி. அந்த அரை மணியைத்தான் நங்கூரம் வாங்கித் தருகிறது. வரிசையை மாற்றி நாஸிலில் ஆரம்பித்தால், பின்னால் ஃபில்டரில் இருக்கும் காற்று மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கைப்பிடியைச் சுத்துவதற்கு முன்னால் இன்னொரு விஷயம். பல லாங்டெயில்களில் கியரோ கிளட்ச்சோ கிடையாது. இன்ஜின் பிடித்ததும் புரொப்பல்லரும் சுற்ற ஆரம்பித்துவிடும். தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, பக்கத்தில் ஆளோ கயிறோ இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சுத்தணும். நங்கூரக் கயிறு தண்ணிக்குள் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. புரொப்பல்லரில் வலையோ பிளாஸ்டிக் சாக்கோ சுற்றியிருந்தால் இதே தண்டு கை கொடுக்கும், படகுக்குள் இழுத்து வைத்துக் கத்தியால் அறுத்துவிடலாம். அடியில் நிலையாகப் பொருத்திய புரொப்பல்லர் என்றால் ஒருத்தர் தண்ணிக்குள் இறங்கியாகணும், ஆடும் படகுக்கு அடியில் அது லேசான வேலை இல்லை.

சூட்டினால் நின்ற இன்ஜின் மேல் கடல் தண்ணியை ஊற்றக் கூடாது. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணி பட்டால் விரிசல் விடும். காற்றால் குளிரும் இன்ஜின் என்றால் அதன் துடுப்புகளுக்கு நடுவே எண்ணெயும் உப்பும் அப்பியிருக்கும், சுரண்டி எடுத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருக்கணும். வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் என்றால், குளிரூட்டும் தண்ணீர் உள்ளே போகும் ஜல்லடையில் பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருக்கும். ஓடும்போது பக்கத்தில் மெல்லிய தாரை ஒன்று பீய்ச்சும், அது நின்றால் மோட்டாரை உடனே நிறுத்தணும். மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட விடணும். மண்ணெண்ணெயிலேயே நின்றுபோனால் ஆறிய மோட்டாரில் அது ஆவியாகாது, கயிற்றை இழுத்து இழுத்துச் சலித்துப்போகும். அதனால் கொஞ்சம் பெட்ரோல் கையிருப்பு என்பது ஆடம்பரம் இல்லை.

ஒரு மணி நேரம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கூப்பிடணும். இங்கேதான் என் தொழில் மூளைக்குத் தீனி கிடைத்தது. மொபைல் சிக்னல் எவ்வளவு தூரம் வரும்? உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும், உயரம் மீட்டரில். படகில் நிற்கிறவரின் கை ஒன்றரை மீட்டர் உயரம், 4.4 கிலோமீட்டர். கரையில் 40 மீட்டர் டவர், 22.6 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 27. இது வடிவியல் சொல்லும் எல்லை, நடைமுறையில் இதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆனால் போனைப் படகுக்குள் உட்கார்ந்து பேசுவதற்கும், எழுந்து நின்று கையைத் தூக்கிப் பிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை இதே சூத்திரம் காட்டுகிறது. விஎச்எஃப் கருவிக்கும் இதே விதிதான், அதில் அவசர அழைப்புக்கு 16ஆம் சேனல். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. முதல் போன் ஊருக்குத்தான் போகும், அதுவும் சரிதான். பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரப் படகு எந்தக் கப்பலை விடவும் சீக்கிரம் வரும்.

வந்து சேர, இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லணும். போன் வரைபடம் இடத்தை தசம டிகிரியில் காட்டும், கடலில் பயன்படுத்தும் ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். மரக்காணத்தின் அட்சரேகை ஏறக்குறைய 12.20 டிகிரி. இதைப் போனில் "பன்னிரண்டு, இருபது" என்று ஒருத்தர் சொல்ல, மறுமுனையில் 12 டிகிரி 20 நிமிடம் என்று எழுதிக்கொண்டால்? 12.20 டிகிரி என்பது 12 டிகிரி 12 நிமிடம். வித்தியாசம் 8 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர். ஆக, தேடி வரும் படகு கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் வடக்கே, ஆலம்பரைக் கோட்டையையும் தாண்டிச் செங்கல்பட்டு மாவட்டக் கடலில் தேடிக்கொண்டிருக்கும். "பன்னிரண்டு புள்ளி இரண்டு பூஜ்யம் டிகிரி" என்று புள்ளியையும் டிகிரியையும் வாய்விட்டுச் சொல்லணும். கூடவே, "கரையில் இன்னது தெரிகிறது, இத்தனை மீட்டர் ஆழம், நங்கூரம் போட்டிருக்கிறோம்" என்பதையும். நங்கூரம் போட்டிருந்தால் சொன்ன இடம் சொன்ன இடமாகவே இருக்கும். போடாவிட்டால், பேசி முடித்த நிமிஷத்திலிருந்து அந்த எண்ணுக்கு வயசாக ஆரம்பிக்கும். ரெண்டு மணி நேரத்தில் அது மூணு நாலு கிலோமீட்டர் பழைய தகவல்.

உதவிப் படகு வந்து இழுக்கும்போது கயிறு நீளமாக இருக்கணும், குறைந்தது படகின் நீளத்தைப் போலப் பல மடங்கு. குட்டைக் கயிற்றில் ஒவ்வொரு அலைக்கும் கயிறு வெடுக்கென்று இழுபட்டு, கட்டிய இடம் பிய்த்துக்கொண்டு வரும். இறுகிய நைலான் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், அதன் நேர்கோட்டில் யாரும் உட்காரக் கூடாது.

இதில் எனக்கு இன்னும் பிடிபடாத திறமை ஒன்று இருக்கிறது, கரையேறுவது. இன்ஜின் சரியாகி வந்தாலும், இழுத்துக்கொண்டு வந்தாலும், கடைசி இருநூறு மீட்டர் அலை வரிசைதான். சற்று முன் நின்றுபோன இன்ஜினை நம்பி அதற்குள் நுழைவதா, வெளியிலேயே நங்கூரம் போட்டு அலை தணியக் காத்திருப்பதா என்று முடிவு பண்ணணும். கூனிமேட்டில் ஒரு பெரியவர், தான் நுழைவதற்கு முன் அலைகளை எண்ணுவதாகச் சொன்னார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் கொஞ்ச நேரம் சின்னதாக வரும், அந்த இடைவெளியில் நுழையணும், துடுப்பு கையில் தயாராக இருக்கணும், இன்ஜின் மறுபடி மக்கர் பண்ணினால் தண்டைத் தூக்கிவிட்டுத் துடுப்பால் படகை அலைக்கு நேராகப் பிடிக்கணும். "எத்தனை அலை எண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அது அன்னன்னிக்குக் கடல் சொல்லும் சார்" என்றார். அவர் படகில் எட்டிப் பார்த்தேன். துடுப்பு ரெண்டு, ஒரு பெயிண்ட் டப்பாவில் ஸ்பேனர்கள், சைக்கிள் டியூபில் சுற்றி வைத்த ஒரு புது ஃபில்டர், மூணு ஷியர் பின். நங்கூரக் கயிறு முன்பக்கத்தில், எதற்கும் அடியில் மாட்டாமல், வளையம் வளையமாகச் சுற்றி மேலாகவே கிடந்தது.